குட்டை மூக்கு, நெட்டை மூக்கு

ஜனவரி 7, செவ்வாய்

இந்த நோட்டை யார் பிரித்தாலும் முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிட வேண்டும். சில எழுத்துகள் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சில கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்து கிடக்கின்றன. அழுத்தி எழுதியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. எனக்கு எழுபத்து நான்கு வயது. எழுதப் படிக்க ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

என் பெயர் கன்னியப்பன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். என் பெயர் அங்கேயே இருந்தது.

மாநகராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிற மங்கையர்க்கரசி டீச்சர் தினமும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார்.

"இன்னா எழுதறது டீச்சர்?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு என்ன செஞ்சீங்களோ, அதை எழுதுங்க."

இன்று இதை எழுதினேன். ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். இப்போது மணி பத்து. வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 8, புதன்

துணி துவைத்தேன். குடுக்கையைப் புளி போட்டுத் துலக்கினேன்.

ஜனவரி 9, வியாழன்

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு டீச்சர், "குடுக்கைன்னா என்னங்க ஐயா?" என்று கேட்டார். வாயால் சொல்லத் தொடங்கினேன். "சொல்லாதீங்க, எழுதிக் காட்டுங்க" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

நான் சினிமாவில் துப்பாக்கிக்கு மருந்து போடுகிறவனாக இருந்தேன். குதிரைப் படங்கள் ஓடிய காலம். எங்கள் கம்பெனி முதலாளி ஏதோ ஒரு ஜமீன் ஏலத்தில் நான்கு பழைய ரிவால்வர்களை வாங்கியிருந்தார். அவற்றுக்குத் தோட்டா கிடையாது. கருமருந்தை அளந்து கொட்டித்தான் சுட வேண்டும். அளப்பதற்கு ஒரு பித்தளைக் குடுக்கை. சின்னச் சுரைக்காய் அளவு இருக்கும். அதன் வாயில் ஒரு குழல். அதை மூக்கு என்போம்.

மூக்கின் நுனியை ஆள்காட்டி விரலால் அடைக்க வேண்டும். குடுக்கையைக் கவிழ்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் விசையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மருந்து சரசரவென்று மூக்குக்குள் இறங்கும். விசையை விட்டு நிமிர்த்தினால், மூக்கு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு மட்டும் அதற்குள் நிற்கும். அதுதான் ஒரு அளவு. ஒரு ரிவால்வருக்கு ஆறு அறை. ஆறு தரம் அளக்க வேண்டும். அதன் மேல் ரவை போட்டு இறுக்க வேண்டும். உப்புமா கிண்டுகிற அதே ரவைதான். ரவை போட்டால்தான் சத்தம் வரும், வெள்ளைப் புகை வரும். ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவாமல் தடுப்பதும் ரவைதான்.

குடுக்கைக்கு இரண்டு மூக்குகள் உண்டு. மாற்றி மாற்றித் திருகிக்கொள்ளலாம். நெட்டை மூக்கு முழு அளவு. குட்டை மூக்கு அரை அளவு.

கம்பெனியை மூடியபோது துப்பாக்கிகளை லைசென்ஸ் உள்ளவர் வாங்கிக்கொண்டு போனார். குடுக்கையை யாரும் கேட்கவில்லை. நான் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் டீச்சர் இதைப் படித்துவிட்டு, "ஐயா, இதுக்கு மேல எனக்கு விளக்கமே வேண்டாம்" என்றார். நோட்டில் சிவப்பு மையில் ஒரு சரி போட்டார். வீட்டுக்கு வருகிற வழியில் விளக்குக் கம்பத்தடியில் நின்று அந்தச் சரியை இன்னொரு முறை பார்த்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பிலோமினா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாலிகிராமம் மாதா கோயிலிலிருந்து நேராக என் அறைக்கு வருவாள். கையில் தூக்கு இருக்கும். தூக்கில் மீன் குழம்பு. பல வருடமாக இப்படித்தான்.

பிலோமினா யார் என்று எழுதவில்லை. குதிரைப் படங்களில் கதாநாயகி குதிரையில் பாய்ந்து வந்து சுடுவாள் அல்லவா? முகத்தைக் காட்டும்போதுதான் அது கதாநாயகி. பாய்ந்து வருவதும் சுடுவதும் பிலோமினா. ராயபுரத்துப் பெண். கடிவாளத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் சுடுவாள். இப்போது எழுபத்தொரு வயது. இடது காது இளமையிலேயே போய்விட்டது. வலது காது இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, போன ஆடியோடு முழுவதும் அடங்கிவிட்டது. அவள் பேசுவாள். நாம் பேசுவது அவளுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். என் உதட்டைத் தவிர.

"யோவ் கன்னியப்பா, அந்த மீசையை எடுத்துத் தொலையேன்யா. ஊர்ல எல்லார் உதடும் தெரியுது. உன் வாய் மட்டும் கூரைக்கு உள்ள இருக்கற மாதிரி கீது."

நான் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தேன். மீசை எனக்கு முப்பது வயதிலிருந்து இருக்கிறது.

சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள்.

"ஷீலா வர்றா. அடுத்த மாசம் பன்னண்டாம் தேதி. ஓசூருக்கே கூட்டிக்கினு போய்ட்றாளாம். காது கேக்காத கெழவி தனியா கேஸ் அடுப்புகிட்ட நிக்கக் கூடாதாம். மக சொன்னா கேட்டுக்கணும்ல?"

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை. தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். இரண்டு முறை கழுவினேன்.

ஜனவரி 13, திங்கள்

வடபழனி பேருந்து நிலையத்தில் எல்லாப் பலகைகளையும் படித்தேன். ஓசூர் என்று எதிலும் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் கழிந்தது. கடையில் ரவை வாங்கினேன். பையின் மேல் ரவை என்று எழுதியிருந்தது. ஐம்பது வருடமாக அதைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன். இன்று தொடவில்லை. படித்தேன். ர, வை. கடைக்காரர், "இன்னா பெருசு, ரவைய பாத்து சிரிக்கறே?" என்றார்.

ஜனவரி 18, சனி

எழுதப் படிக்க ஏன் கற்றுக்கொள்ள வந்தீர்கள் என்று டீச்சர் வகுப்பில் எல்லோரையும் கேட்டார். ஒரு அம்மாள், பேரனுக்குப் படித்துக் காட்ட என்றார். இன்னொருவர், வங்கியில் கைநாட்டு வைக்க வெட்கமாக இருக்கிறது என்றார். நான், பேருந்துப் பலகை படிக்க என்றேன். அது பொய்.

போன ஆடியில் பிலோமினாவுக்கு வலது காதும் போனபோது, அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்குள் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நாற்பத்தெட்டு வருடம் தள்ளிப்போட்டேன். அவளுக்குக் கேட்காமல் போன பிறகுதான் ஐயோ என்று இருந்தது. இனி எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பழகுகிறேன்.

செஞ்சி மலையில் படப்பிடிப்பு. பாறை இடுக்கில் படுத்துக்கொண்டு பிலோமினா சுட வேண்டும். அவளுக்கு நான் எப்போதும் குட்டை மூக்கில்தான் அளந்து போடுவேன். மற்ற எல்லோருக்கும் நெட்டை மூக்கு. அவளுக்கு மட்டும் குட்டை. அவளுக்கு அது தெரியாது. அவள் மணிக்கட்டு சிறியது, உதைத்தால் தாங்காது என்பதற்காக அப்படிச் செய்தேன். வேறு காரணம் இல்லை.

அன்று டைரக்டர் கத்தினார். "இன்னாய்யா இது, அந்தப் பொண்ணு துப்பாக்கியில மட்டும் ஊதுபத்தி மாதிரி பொக வருது?" எல்லோரும் சிரித்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் குட்டை மூக்கைக் கழற்றிவிட்டு முதல் முறையாக அவளுக்கு நெட்டை மூக்கில் அளந்து ஆறு அறையிலும் கொட்டினேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து ரவை போட்டு இறுக்கினேன்.

அவள் ஒருமுறைதான் சுட்டாள். ஆறு அறையும் ஒன்றாக வெடித்தன. பாறை இடுக்கு முழுவதும் புகை. புகைக்குள்ளிருந்து அவள் எழுந்து வந்தாள். இடது காதிலிருந்து கழுத்து வரை சிவப்பாக ஒரு கோடு. "நான் நல்லா பண்ணேனா மாஸ்டர்?" என்று ஸ்டண்ட் மாஸ்டரிடம் கேட்டாள். மாஸ்டர் சொன்ன பதில் அவளுக்குக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சமையல்காரர் வந்து, "கன்னியப்பா, கிண்ணத்துல ரவ இவ்ளோ மீந்து கீதே, உப்புமா கிண்டிடட்டா?" என்றார். அப்போதுதான் பார்த்தேன். கிண்ணத்தில் பாதி ரவை அப்படியே இருந்தது. ரவை மீந்தது என்றால் அறைக்குள் ரவைக்கு இடம் இல்லை. இடம் இல்லை என்றால் மருந்து இரண்டு பங்கு இருந்திருக்கிறது. பதற்றத்தில் நான் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு தரம் அளந்து கொட்டியிருக்கிறேன். அப்படிச் செய்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் கிண்ணம் பொய் சொல்லாது.

அன்று யூனிட் முழுவதும் உப்புமா சாப்பிட்டது. நான் சாப்பிடவில்லை.

இதை எழுத மூன்று நாள் ஆனது. மேலே ஒரு தேதிதான் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

ஒரு பெண் வீடு தேடி வந்தாள். யாழினி என்று பெயர். முப்பது வயது இருக்கும். படம் எடுக்கிறாளாம்.

"ஐயா, கம்ப்யூட்டர்ல போடற புகை புகையாவே இல்லைய்யா. நீங்க அந்தக் காலத்துல போட்ட புகைதான் வேணும். ஒரே ஒரு ஷாட். துப்பாக்கி, லைசென்ஸ், போலீஸ் பர்மிஷன் எல்லாம் ரெடி. மருந்து அளக்கத்தான் ஆள் இல்லை."

பிப்ரவரி எட்டாம் தேதி, திருநீர்மலைப் பக்கம் ஒரு பழைய கல்குவாரி. நான் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் மேசை மேல் இருந்த குடுக்கையைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!" என்று போட்ட சத்தம் எனக்கே அதிகமாகத் தெரிந்தது. குடுக்கையை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது பழைய வழக்கம். டைரக்டர்கூடத் தொட மாட்டார்.

"சாரிங்கய்யா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே இரண்டு காப்பி குடிக்கிற நேரம் வரை கேள்வி கேட்டாள். கடைசியில் சரி என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

கனவு. செஞ்சி மலை முழுவதும் வெள்ளைப் புகை. எங்கும் போகாமல் பசு மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதற்குள் கையை விட்டால் எழுத்துகள் கிடைத்தன. ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தூரத்தில் குதிரைக் குளம்பு ஓசை. புகைக்குள் யாரோ வருகிறார்கள். நான் எழுத்துகளை அடுக்கி ஒரு பெயர் செய்து வைக்க வேண்டும், வருகிறவர் வந்து சேர்வதற்குள். கடைசி எழுத்து மட்டும் கிடைக்கவில்லை. விழித்துக்கொண்டேன். பால்காரர் மணி.

கனவில் அவ்வளவு புகையிலும் இருமல் வரவில்லை. அது மிகவும் நன்றாக இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

பிலோமினாவிடம் படப்பிடிப்பு விஷயத்தைச் சீட்டில் எழுதிக் காட்டினேன். "கல் குவாரி. துப்பாக்கி. நான் மருந்து." முதல் முறையாக அவளுக்கு எழுதினேன்.

சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்தாள். தள்ளி வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாருய்யா எழுதினது?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"பொய் சொல்லாதே."

பென்சிலை எடுத்து அவள் எதிரிலேயே எழுதினேன். கன்னியப்பன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோழி கிண்டின மாதிரி கீது" என்றாள் கடைசியில். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் வர்றேன். அந்தப் பொகைய இன்னொரு தபா பாத்துட்டு ஓசூர் போறேன்."

யாழினி அவளையும் காரில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 29, புதன்

கடிதத்தை நோட்டிலிருந்து தனித்தாளில் எழுதினேன். முதலில் "நீங்கள்" என்று எழுதினேன். அடித்துவிட்டு "நீ" என்று எழுதினேன். பார்க்க மரியாதை இல்லாமல் இருந்தது. மறுபடி "நீங்கள்". மண்ணெண்ணெய் ஸ்டவ் காலத்துத் தகரப் பெட்டியில் இந்தத் தாள்களை எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். ஏழு தாள்.

ஜனவரி 30, வியாழன்

எட்டாவது தாள். டீச்சர் எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். "காதல் கடிதமா ஐயா?" என்று சிரித்தார். வகுப்பே சிரித்தது. "இல்ல டீச்சர், மன்னிப்புக் கடுதாசி" என்றேன். யாரும் நம்பவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். அவள் தூக்கை வைத்ததும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்று பார்க்கத் தைரியம் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கீழே போனேன். குடம் நிறைந்து வழிந்தது. கீழ் வீட்டு அம்மாள், "தாத்தா, கொழாய மூடுங்க" என்று கத்திய பிறகு மேலே வந்தேன்.

பிலோமினா கடிதத்தை இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிக்கும்போது உதடு அசையும். "குட்டை மூக்கு" என்று உதடு அசைந்ததைப் பார்த்தேன். "மன்னியுங்கள்" என்று அசைந்ததைப் பார்த்தேன். பிறகு கடிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். குழம்பை ஊற்றாமல் தூக்கோடு எழுந்து போய்விட்டாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாதா கோயில் பக்கம் போனேன். உள்ளே போகவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வகுப்பில் டீச்சர் "தூது", "தூசு", "தூறல்" எழுதச் சொன்னார். எழுதினேன். எழுத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. எழுதத் தெரியாமலே இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பாவது மிஞ்சியிருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான். பலகையில் என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

இன்றைக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். நாளைக்கு வைத்தால் இது கனவு என்று நானே நினைத்துவிடுவேன்.

காலையில் கார் வந்தது. கதவைத் திறந்தேன். பின் சீட்டில் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. நல்ல புடவை, வெள்ளை ஷூ. குதிரைப் படக் காலத்தில் போட்ட மாதிரி தலையில் ஒரு துணி. என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல்லாவரம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டிரைவர் பாட்டுப் போட்டார். அவளுக்கு அதுவும் இல்லை.

கல்குவாரி அழகாக இருந்தது. நடுவில் மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. மேலே பனி இன்னும் விலகவில்லை. ஒரு குடையின் கீழ் எனக்கு மேசை போட்டிருந்தார்கள். மேசையில் ஒரு ரிவால்வர். அதன் கைப்பிடியில் இருந்த கீறலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்கில் ஒன்று. செஞ்சியில் இருந்ததா என்று சொல்ல முடியாது. நான்கிலும் அந்தக் கீறல் இருந்தது.

குடுக்கையில் மருந்து நிரப்பினேன். இரண்டு மூக்கையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். சுடப் போகிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. என் கை தானாகக் குட்டை மூக்கை எடுத்துத் திருகியது. அதைக் கவனிக்காமலே திருகிவிட்டேன்.

"ஐயா, டீ" என்று ஒருவர் கூப்பிட்டார். குவளையை வாங்கத் திரும்பினேன். வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினேன்.

பிலோமினா மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். குடுக்கை அவள் கையில். ஆள்காட்டி விரலால் மூக்கை அடைத்தாள். கவிழ்த்தாள். கட்டைவிரல் விசையை அழுத்தியது. விட்டாள். நிமிர்த்தினாள். மூக்கில் நின்ற மருந்தைத் தன் இடது உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு பொடி சிந்தவில்லை. பழகிய கை.

டீ என் காலில் கொட்டியது. "யார் உனக்குக் கத்துக் குடுத்தது?" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் என் முகத்துக்கு மீசை இல்லாத இடமும் உண்டே.

"உன்னைத்தான் பாத்துக் கத்துக்கினேன்" என்றாள். காது கேட்காதவர்கள் பேசுவது போல உரக்கச் சொன்னாள். யூனிட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "தெனமும் பாப்பேன்யா. குதிரை மேல உக்காந்துக்கினு உன் கையத்தான் பாத்துக்கினு இருப்பேன். எனக்கு மட்டும் குட்டை மூக்குப் போடறேன்னு உன் கடுதாசியப் படிச்சுத்தான் தெரியணுமா? மொத நாளே தெரியும். மத்தவன் துப்பாக்கி எல்லாம் இடி மாதிரி இடிக்குது. எனுது மட்டும் பூனை தும்மற மாதிரி. பொம்பளன்னு எளக்காரம் பண்றான்னு நெனச்சேன்."

நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கு டைரக்டர் ஊதுபத்தின்னாரே, எல்லாரும் சிரிச்சாங்களே. எனக்கு மானம் போச்சு. நீ டீ குடிக்கப் போனே. நான் பாறைக்குப் பின்னாலேர்ந்து வந்தேன். ஏற்கெனவே அரை போட்டிருப்பே, நானும் ஒரு அரை போட்டா முழுசாய்டும்னு கணக்குப் போட்டேன். ஆறு அறையிலயும் ஒவ்வொரு தபா கொட்டினேன். நீ அன்னிக்குன்னு பாத்து மூக்கை மாத்தி வெச்சிருக்கேன்னு நான் கண்டேனா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் ஒரு தரம்தான் அளந்திருக்கிறேன். என் கை தவறவில்லை. அவளுக்கு முழு அளவு கொடுக்க வேண்டும் என்று நானும், தனக்கு முழு அளவு வேண்டும் என்று அவளும், ஒரே நாள், ஒரே டீ நேரத்தில் நினைத்திருக்கிறோம்.

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். கை தானாக எழுதியது. "அதனால்தான் ரவை மீதி."

அவள் படித்தாள். என் கடிதத்தில் ரவையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அது அவளுக்கு ஞாபகம் வந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"வெடிச்சது உன் தப்புதான்னு உன்னைத் துப்பாக்கிய தொட விடாம ஒரு வருஷம் நாக்காலி தூக்க வெச்சாங்களே. அப்ப நான் வாயத் தொறந்தேனா? தொறந்தா யூனியன்லேர்ந்து தூக்கிடுவாங்கன்னு பயந்துக்கினு கம்முனு இருந்தேன். நீ ஒவ்வொரு நாக்காலியா தூக்கிக்கினு என்னைப் பாத்து வேற சிரிப்பே. காது போனதுகூட வலிக்கலய்யா. அந்தச் சிரிப்புதான் வலிச்சுது. ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு எதுக்குன்னு நெனச்சே?"

அதற்காகவா என்று கையால் கேட்டேன்.

"மொத ரெண்டு வருஷம் அதுக்குத்தான்" என்றாள் பிலோமினா. கையில் இருந்த மருந்தை ஒரு பொடி விடாமல் காகிதத்தில் தட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, குடையை விட்டு வெளியே போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாழினி மெதுவாக வந்தாள். "ஐயா, ஷாட் போலாமா?"

சுடப் போகிற பெண்ணைக் கூப்பிட்டேன். இரண்டு மூக்கையும் அவள் முன்னால் வைத்தேன். "இது அரை. இது முழுசு. முழுசுன்னா கையை ஒதைக்கும், சத்தம் பெருசா இருக்கும். பஞ்சு தர்றேன், காதை நல்லா அடைச்சுக்கணும். உனக்கு எது வேணும்மா?" என்று கேட்டேன். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எவ்வளவு சின்னக் கேள்வி.

அவள் நெட்டை மூக்கைத் தொட்டாள்.

ஆறு தரம் அளந்தேன். மேலே ரவை. கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மீதி இல்லாமல் சரியாகப் போனது.

அந்தப் பெண் சுட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. புகை எழுந்தது. காற்றே இல்லை. வெள்ளையாக, கனமாக, பச்சைத் தண்ணீரின் மேல் படுத்து, கல் சுவர்களைத் தொட்டு, திரும்பி எங்களிடம் வந்தது. ஒருவருக்கொருவர் தெரியவில்லை. யாழினி கட் சொல்ல மறந்துவிட்டாள். புகைக்குள்ளிருந்து பிலோமினாவின் குரல் வந்தது.

"யோவ் கன்னியப்பா, கேக்குதுய்யா! நெஞ்சுல கேக்குது!"

நான் புகைக்குள் கையை நீட்டினேன். எழுத்து கிடைக்கவில்லை. ஒரு கை கிடைத்தது. மருந்து வாசனை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மீன் குழம்பு. வஞ்சிரம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முடிதிருத்தகத்துக்குப் போனேன். "எடுத்துடு" என்றேன். "தாத்தா, நெஜமாவா?" என்று மூன்று முறை கேட்டார். கண்ணாடியில் பார்த்தால் என் அப்பா உட்கார்ந்திருந்தார். மேல் உதட்டில் காற்று படுவது விநோதமாக இருக்கிறது.

சாயங்காலம் பிலோமினா வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, யாரோ என்று நினைத்து, "இன்னா வோணும்?" என்று கேட்டாள். பிறகு கையிலிருந்த புடவை கீழே விழுந்தது.

வாசலில் நின்றபடியே வாயால் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம்தான். மெதுவாகச் சொன்னேன். அவள் என் உதட்டைப் படித்தாள். மறுபடி சொல் என்றாள். மறுபடி சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்த நோட்டை டீச்சர் பார்ப்பார்.

பிப்ரவரி 12, புதன்

ஷீலாவின் கார் ஏழு மணிக்கே வந்துவிட்டது. நல்ல பெண். அம்மாவின் வெள்ளை ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு ஒரு மாதம் கொண்டுவந்து விடுகிறேன் என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

பிலோமினா என் நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தில் ஓசூர் விலாசத்தை எழுதினாள். கான்வென்ட் எழுத்து. குதிரை வரிசையாக ஓடுவது போல இருக்கிறது. அதன் கீழே என் எழுத்தைப் பார்த்தால் குதிரையிலிருந்து விழுந்தவர்கள் போல இருக்கிறது.

"வாரா வாரம் எழுதணும். செவ்வாக்கெழம போட்டா வியாழக்கெழம வரும்" என்றாள். "ஆனா ஒண்ணு. சௌக்கியம், சௌக்கியமா அப்டீன்னு ரெண்டு வரில முடிச்சே, கிழிச்சுப் போட்ருவேன். துப்பாக்கிக்குப் போட்ட மாதிரி கடுதாசிக்கும் குட்டை மூக்குப் போடாதே. முழுசாப் போடு. நான் தாங்குவேன்."

நான் உதட்டால் சரி என்றேன். அவளுக்கு அது உடனே புரிந்தது. கார் திரும்பும் வரை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு போனாள்.

அறைக்கு வந்து குடுக்கையைத் துலக்கினேன். குட்டை மூக்கைக் கழற்றித் தகரப் பெட்டியில் அந்த ஏழு தாள்களோடு போட்டேன். நெட்டை மூக்கைத் திருகி மேசை மேல் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இதன் எதிரில் உட்காருவேன், பிலோமினா. கை வலிக்கும். பத்து மணிக்குள் முடியாது. முடியாவிட்டால் பதினொன்று, பன்னிரண்டு. அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன், "நீ" என்றே எழுதுவேன், மூக்கு நிறைய அளந்து எழுதுவேன்.